ரெண்டு கம்பெனி, ஒரே போன்: மேனிஃபெஸ்ட் சண்டையைத் தீர்ப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுறவங்களுக்கு நேரடியா பயன்படும். எழுதாதவங்களும் கேக்கலாம். ஒரு ஆப் சம்பந்தமே இல்லாத பர்மிஷனை ஏன் வெச்சிருக்குங்கிற கேள்விக்கு ஒரு பதில் இதுக்குள்ள இருக்கு.

நான் இருக்கறது வள்ளூர். மீஞ்சூர் பக்கம். வள்ளூர்னா நிறைய பேருக்கு அனல்மின் நிலையம்தான் ஞாபகம் வரும். 500 மெகாவாட் வீதம் மூணு யூனிட், மொத்தம் 1500 மெகாவாட். மீஞ்சூர்ல ரயில் ஏறி வடக்கே போனா அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. காலை வண்டில பாருங்க, கழுத்துல ஐடி கார்டு, பையில டிஃபன் டப்பா, பாதிப் பேர் நின்னுக்கிட்டே தூங்குவாங்க. சிப்காட் வேலைக்குப் போறவங்க.

அந்த சிப்காட்டுக்கு ஆள் சப்ளை பண்ற ஒரு காண்ட்ராக்டருக்கு நானும் என் ஃபிரண்டும் ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் எழுதிக் கொடுத்தோம். சின்ன ஆப்தான். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது சூப்பர்வைசர் கேட்டுல ஆளுங்களை நிக்கவெச்சு ஒரு போட்டோ எடுப்பார், பேர்களை டிக் பண்ணுவார், அது கம்பெனியோட டைம் ஆபீஸுக்குப் போயிடும். காண்ட்ராக்டருக்கு ரெண்டு கம்பெனி. ரெண்டுக்கும் வேற லோகோ, வேற சர்வர். கோட் ஒண்ணுதான். அதனால ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டு ஃபிளேவர் போட்டோம். ஒவ்வொண்ணுக்கும் டீபக், ரிலீஸ்னு ரெண்டு பில்ட் டைப். ஆக நாலு வேரியன்ட். எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. ஏன்னா ஒரு சூப்பர்வைசர் போன்ல ஒரு கம்பெனி ஆப்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலைல, ஏ ஷிப்ட், 6 மணி. ஒரு சூப்பர்வைசர் லீவு. இன்னொருத்தரை ரெண்டு கம்பெனியையும் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. அவர் போன்ல ஒரு ஆப் ஏற்கெனவே இருக்கு. ரெண்டாவதை ஏத்தறார். எனக்கு போன் வருது.

"தம்பி, இன்னாப்பா உங்க ஆப்பு, இன்ஸ்டால் ஆவலைன்னு வருது."

"அண்ணே, ஸ்டோரேஜ் ஃபுல்லா இருக்கும், பாருங்க."

கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப போன்.

"வீடியோல்லாம் அழிச்சிட்டேன்ப்பா. பாப்பா பொறந்தநாள் போட்டோகூட அழிச்சிட்டேன். இன்னும் அதே தான் வருது."

ஸ்டோரேஜ் பிரச்சினையே இல்ல. நான் சொன்னது சும்மா ஒரு யூகம். அந்த போட்டோ திரும்ப வரல. 11 பேர் கேட்டுல நின்னாங்க. நோட்டுல எழுதிக் கொடுத்தா செல்லாது, சிஸ்டத்துல ஏறுன நேரம்தான் கணக்குன்னு டைம் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. 11 பேருக்கும் அன்னைக்கு அரை நாள் கட். காண்ட்ராக்டர் பேசிப் பேசி அந்த அரை நாள் கூலி கைக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. தப்பு முழுக்க எங்க ஆப்ல. அதுவும் மேனிஃபெஸ்ட்ல ஒரே ஒரு வரி.

மேனிஃபெஸ்ட்னா என்ன?

கம்பெனி கேட்டுல ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். உள்ள யார் வர்றாங்க, எந்த டிபார்ட்மென்ட், கையில என்ன கொண்டு வர்றாங்க, எல்லாம் முதல்லயே எழுதணும். ஆண்ட்ராய்டு போனுக்கு அந்த ரெஜிஸ்டர்தான் மேனிஃபெஸ்ட். என் ஆப்ல என்னென்ன திரை இருக்கு, பின்னாடி என்ன சர்வீஸ் ஓடும், கேமரா வேணுமா, இன்டர்நெட் வேணுமா, எல்லாத்தையும் ஆப் அதுல அறிவிக்கணும். அதுல இல்லாத திரையைத் திறக்க முடியாது. அதுல இல்லாத பர்மிஷனைக் கேக்க முடியாது.

கடைசியா வெளிய வர்ற ஏபிகே ஃபைல்ல மேனிஃபெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். ஆனா ப்ராஜெக்ட்ல பல மேனிஃபெஸ்ட். மெயின் ஃபோல்டர்ல ஒண்ணு. டீபக்குக்கு வேணும்னா ஒண்ணு. ஃபிளேவர் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. நீங்க சேர்க்கிற லைப்ரரி ஒவ்வொண்ணும் தன்னோடதை எடுத்துட்டு வரும். பில்ட் பண்ணும்போது மெர்ஜர்னு ஒரு டூல் இவ்வளவையும் ஒண்ணா சேர்க்குது.

சேர்க்கும்போது யார் பெரியவர்ங்கிற வரிசை இருக்கு. எல்லாத்துக்கும் மேல வேரியன்ட்டோட மேனிஃபெஸ்ட். அதாவது குறிப்பிட்ட ஃபிளேவர், குறிப்பிட்ட பில்ட் டைப், ரெண்டும் சேர்ந்த ஃபோல்டர். அதுக்கு அடுத்தது பில்ட் டைப். அடுத்தது ஃபிளேவர். அடுத்தது மெயின். கடைசியில லைப்ரரிகள். இந்த வரிசையை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டிக்கோங்க. பாதிச் சண்டை இதைப் பாத்தாலே புரிஞ்சிடும்.

இங்க நிறைய பேர் தப்பா நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு. மேல இருக்கறவர் சொன்னா கீழ இருக்கறவர் சொன்னது தானா அழிஞ்சிடும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஒரு ஆட்ரிபியூட்டை ஒருத்தர் மட்டும் எழுதியிருந்தா அது அப்படியே எடுத்துக்கப்படும். ரெண்டு பேரும் ஒரே மதிப்பை எழுதியிருந்தாலும் பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் வேற வேற எழுதியிருந்தா, பெரும்பாலும் மெர்ஜர் தானா முடிவெடுக்காது. எரர் காட்டி நிக்கும். மேல இருக்கறவர் "இதுல நான் சொல்றதுதான்"னு ஒரு குறிப்பு எழுதினாத்தான் நகரும். அந்தக் குறிப்புதான் "டூல்ஸ் ரீப்ளேஸ்".

உதாரணம் சொல்றேன். மெயின்ல ஆப்போட பேர் ஒண்ணு. டீபக்ல "டெஸ்ட்"னு சேர்த்து வேற பேர் வெச்சிருக்கீங்க. எரர் வரும். உடனே மெயின்ல போய் ரீப்ளேஸ் எழுதுவீங்க. தீராது. ஏன்னா இந்தச் சண்டையில மேல இருக்கறது டீபக். டீபக் ஃபைல்ல எழுதணும். மெயின்ல எழுதினா அது மெயினுக்குக் கீழ இருக்கற லைப்ரரிங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

பில்ட் பாஸ் ஆச்சு, ஆனா போன்ல ஏறல

திங்கட்கிழமைக்கு வருவோம். அன்னைக்கு சாயங்காலம் கேபிள் போட்டு, கமாண்ட் லைன்ல ரெண்டு ஆப்பையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஏத்திப் பாத்தேன். சூப்பர்வைசர் அண்ணன் போன்ல வெறும் "இன்ஸ்டால் ஆகவில்லை"ன்னு வந்தது. இங்க காரணத்தோட வந்தது: "இன்ஸ்டால் ஃபெயில்ட் கான்ஃப்ளிக்டிங் ப்ரொவைடர்".

2016-ல வந்த ஆண்ட்ராய்டு 7-ல இருந்து ஒரு ஆப் தன் ஃபைலோட நேரடி முகவரியை இன்னொரு ஆப்புக்குக் கொடுக்க முடியாது. நாங்க போனோட கேமரா ஆப்பைத் திறந்து போட்டோ எடுக்கறோம், அதனால நடுவுல ஃபைல் ப்ரொவைடர்னு ஒண்ணு வேணும். அதுக்கு மேனிஃபெஸ்ட்ல "அத்தாரிட்டி"ன்னு ஒரு பேர் கொடுக்கணும். அந்தப் பேர் போன் முழுக்க ஒண்ணே ஒண்ணா இருக்கணும். வேற எந்த ஆப்பும் அதே பேரை வெச்சிருக்கக் கூடாது.

நாங்க மெயின் மேனிஃபெஸ்ட்ல அந்தப் பேரை நேரடியா எழுதி வெச்சிட்டோம். ரெண்டு ஃபிளேவருக்கும் அப்ளிகேஷன் ஐடி வேற வேற. ஆனா ப்ரொவைடர் பேர் மட்டும் ஒண்ணு. மெர்ஜருக்கு இது சண்டையாவே தெரியாது, ஏன்னா அது ஒரு நேரத்துல ஒரு வேரியன்ட்டைத்தான் பாக்குது. ரெண்டு வேரியன்ட்டும் முதல் தடவையா சந்திச்ச இடம் அந்த அண்ணனோட போன்.

தீர்வு சுலபம். அத்தாரிட்டி பேரை எழுதுற இடத்துல டாலர் குறி போட்டு, சுருள் பிராக்கெட்டுக்குள்ள "அப்ளிகேஷன் ஐடி"ன்னு எழுதி, அதுக்குப் பின்னாடி புள்ளி வெச்சு "ஃபைல்ப்ரொவைடர்"னு முடிக்கணும். இடையில ஸ்பேஸ் கிடையாது, எல்லாம் ஆவணத்துல இருக்கற ஸ்பெல்லிங் மாதிரியே. பில்ட் ஆகும்போது அந்தந்த ஃபிளேவரோட ஐடி அங்க வந்து உக்காந்துக்கும். பேர் தானா வேற வேற ஆயிடும்.

இதுலயும் ஒரு குழி இருக்கு. நான் விழுந்தேன். மேனிஃபெஸ்ட்ல மாத்திட்டு, கோட்ல அதே பழைய பேரை வெச்சிருந்தேன். ஆப் ஏறுச்சு. கேமரா பட்டனை அமுக்கினதும் க்ராஷ். கோட்லயும் பேரை நேரடியா எழுதக் கூடாது. கான்டெக்ஸ்ட் கிட்ட "கெட் பேக்கேஜ் நேம்" கேட்டு, அதோட பின்னொட்டைச் சேர்த்துக்கணும். ரெண்டு இடத்தையும் சேர்த்து மாத்தினாத்தான் வேலை முடிஞ்சுது.

எரர் சொல்ற ஆலோசனையை அப்படியே ஒட்டாதீங்க

அடுத்த மாசம் ஐடி கார்டை ஸ்கேன் பண்ண ஒரு லைப்ரரி சேர்த்தோம். பில்ட் நின்னுடுச்சு. ஃபைல் ப்ரொவைடரோட அத்தாரிட்டி ரெண்டு இடத்துல வேற வேறயா இருக்குன்னு எரர். கீழயே ஆலோசனையும் இருக்கும்: ரீப்ளேஸ் சேர்த்துப் பாருங்கன்னு. காப்பி பண்ணி ஒட்டினேன். உடனே இன்னொரு எரர், இந்தத் தடவை உள்ள இருக்கற மெட்டா டேட்டாவோட ரிசோர்ஸுக்கு. அதுக்கும் ஒரு ரீப்ளேஸ். பில்ட் பாஸ். டீ குடிக்கப் போயிட்டேன்.

ஸ்கேன் பட்டனை அமுக்கினா க்ராஷ்.

என்ன ஆச்சுன்னா, மெர்ஜர் ரெண்டு ப்ரொவைடரை ஒப்பிடும்போது கிளாஸ் பேரைத்தான் பாக்கும். எங்களோடதும் ஆண்ட்ராய்டு எக்ஸ்ல இருக்கற அதே ஃபைல் ப்ரொவைடர் கிளாஸ். லைப்ரரியோடதும் அதே கிளாஸ். அதனால ரெண்டும் ஒரே ஆள்னு அது நினைச்சுக்குது. ஒரே ஆளுக்கு ரெண்டு முகவரி இருக்கேன்னு கேக்குது. நான் ரீப்ளேஸ் எழுதி, என் முகவரிதான் சரின்னு சொல்லிட்டேன். லைப்ரரியோட முகவரி ரெஜிஸ்டர்லயே இல்லாமப் போச்சு. அது தன் ஃபைலைத் தேடிப் போகும்போது அப்படி ஒருத்தரே இல்லைன்னு பதில் வருது.

எரர் சரியாத்தான் சொல்லுச்சு. அது கேட்டது "இவங்க ஒரே ஆளா?"ன்னு. நான் அதைப் படிக்காம வாயை அடைச்சேன். சரியான தீர்வு, ஃபைல் ப்ரொவைடர்ல இருந்து நமக்குன்னு ஒரு கிளாஸ் எழுதறது. உள்ள ஒண்ணும் இருக்க வேண்டாம், பேர் மட்டும் போதும். மேனிஃபெஸ்ட்ல அந்தப் பேரைக் கொடுத்தா ரெண்டும் ரெண்டு ஆள்னு தெரிஞ்சிடும். ரெண்டு பேரும் அவங்கவங்க முகவரியோட இருப்பாங்க. ரீப்ளேஸே தேவைப்படாது.

அதுக்கப்புறம் நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ரீப்ளேஸ் எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: நான் தூக்கி எறியற மதிப்பை யாராவது நம்பி இருக்காங்களா? ஆப் பேர், ஐகான், தீம் மாதிரி விஷயம்னா பெரும்பாலும் யாரும் நம்பி இருக்க மாட்டாங்க. தாராளமா எழுதலாம். அத்தாரிட்டி மாதிரி விஷயம்னா கண்டிப்பா யாரோ நம்பி இருப்பாங்க.

இதே மாதிரி லைப்ரரிக்குக் குறைந்தபட்சம் தேவைப்படற ஆண்ட்ராய்டு வெர்ஷன் நம்மளோடதைவிட அதிகமா இருந்தாலும் பில்ட் நிக்கும். அங்கயும் "ஓவர்ரைட் லைப்ரரி"ன்னு ஒரு வழி இருக்கு. பில்ட் பாஸ் ஆகும். பழைய போன் வெச்சிருக்கறவர் கையில போய் வெடிக்கும். பழைய போன்ல அந்த லைப்ரரியைக் கூப்பிடாத மாதிரி கோட்ல நீங்க தடுத்திருந்தா மட்டும் அதைப் பயன்படுத்துங்க.

சத்தமே போடாத சேர்க்கை

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு இடத்துல சத்தம் போட்டுச்சு. பில்ட்ல, இன்ஸ்டால்ல, இல்ல க்ராஷ்ல. சத்தம் போட்டா கண்டுபிடிச்சிடலாம். எனக்கு அதிகமா பயமா இருக்கறது சத்தமே போடாதது.

தொழிலாளிங்க தங்கள் அட்டெண்டன்ஸையும் கூலிக் கணக்கையும் தாங்களே பாக்கறதுக்கு மூணாவதா ஒரு ஃபிளேவர் போட்டோம். ஒடிசால இருந்து வந்த ஒரு பையன், போன் செட்டிங்ஸ்ல போய் ஆப்போட பர்மிஷன் பட்டியலைப் பாத்திருக்கான். லொகேஷன் இருக்கு. சூப்பர்வைசர் கிட்ட கேட்டிருக்கான், வேலை முடிஞ்சு நாங்க எங்க போறோம்னு பாக்கறீங்களான்னு. அவர் எனக்கு போன் போட்டார்.

"தம்பி, பசங்க இத்தப் போட மாட்டோம்ன்றாங்க. நீங்க இடத்தைப் பாக்கறீங்களா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல. நாங்க லொகேஷனே கேக்கல."

சத்தியம் பண்ணிட்டேன். என் மேனிஃபெஸ்ட்ல அது இல்ல. போனை வெச்சிட்டு மெர்ஜ் ஆன ஃபைலைத் திறந்து பாத்தேன். இருக்கு. யார் எந்த பட்டனை அமுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க நாங்க சேர்த்த ஒரு லைப்ரரி, கூடவே லொகேஷன் பர்மிஷனையும் கொண்டு வந்திருக்கு. பர்மிஷன்ல சண்டையே வராது. லைப்ரரி கேட்டா, மெர்ஜர் பேசாம பட்டியல்ல சேர்த்துடும். எரர் கிடையாது, யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க.

திரையில கேட்டு, ஆள் சம்மதிச்சாத்தான் லொகேஷன் கிடைக்கும்கிறது உண்மை. ஆனா பட்டியல்ல ஏன் இருக்குங்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. நான் பண்ணின சத்தியம்தான் பொய்.

இதை நீக்க, நம்ம மேனிஃபெஸ்ட்ல அதே பர்மிஷன் வரியை எழுதி, அதுல "டூல்ஸ் நோட் ரிமூவ்"னு சேர்க்கணும். மேல இருக்கறவர் இது வேண்டாம்னு சொன்னதா அர்த்தம். அதுக்கப்புறம் அந்த லைப்ரரி இல்லாத பர்மிஷனைத் தேடி விழுதான்னு ஓட்டிப் பாத்துக்கணும்.

இது எங்க ஊர்ல மட்டும் நடக்கற விஷயம் இல்ல. கூகுளோட விளம்பர லைப்ரரியே விளம்பர ஐடிக்கான பர்மிஷனைத் தன் மேனிஃபெஸ்ட் வழியாக் கொண்டு வருது. குழந்தைகளுக்கான ஆப் எழுதறவங்க இதே "ரிமூவ்" போட்டு அதை எடுக்க வேண்டியிருக்கு.

சத்தம் போடாத இன்னொண்ணு, டீஃபால்ட்டை நம்பறது. 2018-ல வந்த ஆண்ட்ராய்டு 9-ஐ டார்கெட் பண்ற ஆப்ல இருந்து, பூட்டு இல்லாத எச்டிடிபி இணைப்பு டீஃபால்ட்டா தடை. அதை நம்பி நீங்க ஒண்ணும் எழுதாம விட்டிருப்பீங்க. ஒரு லைப்ரரி தன் மேனிஃபெஸ்ட்ல அதை அனுமதின்னு எழுதியிருந்தா? எழுதினது அவர் ஒருத்தர்தான். அதனால அவர் சொன்னது நிக்கும். உங்க மௌனம் சம்மதம் ஆயிடும். உங்களுக்கு டீஃபால்ட்தான் வேணும்னாலும் அதை வாயைத் திறந்து எழுதிடுங்க. எழுதினா அடுத்த தடவை எரர் வரும். அந்த எரர் நமக்கு வேணும்.

லேப்டாப்ல ஓடற டெஸ்ட் சர்வருக்கு எச்டிடிபி தேவைப்படும், சரி. அந்த அனுமதியை டீபக் ஃபோல்டர்ல இருக்கற மேனிஃபெஸ்ட்ல மட்டும் எழுதுங்க, ரீப்ளேஸோட. ரிலீஸுக்கு அது போகவே போகாது. பில்ட் டைப்புக்குத் தனி மேனிஃபெஸ்ட் இருக்கறதே இதுக்குத்தான்.

எங்க பாக்கறது?

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோல மேனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்தா கீழ "மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்"னு ஒரு டேப் இருக்கும். எந்த வரி எந்த லைப்ரரில இருந்து வந்ததுன்னு கலர் போட்டுக் காட்டும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: இப்ப தேர்ந்தெடுத்திருக்கற வேரியன்ட்டைத்தான் காட்டும். டீபக்ல இருந்துக்கிட்டு ரிலீஸ் சரியா இருக்குன்னு சொல்லக் கூடாது. பில்ட் வேரியன்ட்ஸ் பேனல்ல மாத்திட்டு மறுபடி பாருங்க.

இன்னும் விவரம் வேணும்னா, பில்ட் ஃபோல்டருக்குள்ள அவுட்புட்ஸ், அதுக்குள்ள லாக்ஸ். அங்க ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் மெர்ஜர் ரிப்போர்ட் கிடக்கும். ஒவ்வொரு முடிவையும் மெர்ஜர் ஏன் எடுத்ததுன்னு அதுல எழுதியிருக்கும்.

2021-ல ஆண்ட்ராய்டு 12 வந்தப்போ இது நிறைய பேருக்குக் கை கொடுத்துச்சு. இன்டென்ட் ஃபில்டர் இருக்கற ஒவ்வொரு திரைக்கும் "எக்ஸ்போர்ட்டட்" உண்டா இல்லையான்னு எழுதியே ஆகணும்னு கட்டாயம் வந்தது. தன் ஃபைல்ல எல்லாத்துக்கும் எழுதிட்டேன், இன்னும் எரர் வருதேன்னு தலையைப் பிச்சுக்கிட்டவங்க பல பேர். எழுதாம இருந்தது உள்ள வந்த ஏதோ ஒரு பழைய லைப்ரரி. மெர்ஜ் ஆன ஃபைலைப் பாத்தாத்தான் அது தெரியும்.

நாங்க இப்ப ரிலீஸுக்கு முன்னாடி மூணு வேலை பண்றோம். ஒண்ணு, ஒவ்வொரு ரிலீஸ் வேரியன்ட்டோட மெர்ஜ் ஆன மேனிஃபெஸ்ட்டையும் போன ரிலீஸோடதையும் பக்கத்துல வெச்சு என்ன மாறிச்சுன்னு பாக்கறது. புதுசா ஒரு பர்மிஷன் இருந்தா, யார் கொண்டு வந்தாங்கன்னு தெரியாம வெளிய விடறதில்ல. ரெண்டு, எல்லா ஃபிளேவரையும் ஒரே போன்ல ஒண்ணா ஏத்திப் பாக்கறது. அதுக்குன்னு ஒரு பழைய போன் வெச்சிருக்கோம். மூணு, ரீப்ளேஸ், ரிமூவ் எழுதின ஒவ்வொரு இடத்துலயும் மேல ஒரு வரி காரணம் எழுதறது. ஆறு மாசம் கழிச்சு அதைப் படிக்கப் போறதும் நாமதான்.

அந்தப் பையன் கடைசில ஆப் போட்டானான்னு கேப்பீங்க. பர்மிஷனை எடுத்துட்டு புது வெர்ஷன் அனுப்பினோம். சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, பட்டியல்ல இருந்தது உண்மை, இப்ப எடுத்தாச்சுன்னு அப்படியே சொல்லச் சொன்னேன். அந்தப் பையன் செட்டிங்ஸைத் திறந்து பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டானாம். இப்பவும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திறந்து பாக்கறான்னு அண்ணன் சொன்னார். பாக்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட்டைத் திறந்து, ரிலீஸ் வேரியன்ட்டுக்கு மாத்தி, அந்த டேப்பை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. நீங்க எழுதாத எத்தனை வரி அதுல இருக்குன்னு எண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.